வாவிக்குள் இருந்து வரும் குரல்

கேள்வி: ஐயா, நான் களுதாவளையில் வசிக்கிறேன். என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அவனுக்காக வரலாற்றுப் பாடநூலை இரவில் வாசித்து, வீட்டுக் கணினியில் பதிந்து கொடுக்கிறேன். கணினியின் முன்பக்கத் துளையில் செருகிய சிறிய மேசை மைக் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பதிவில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. ஒடாசிட்டி மென்பொருளில் அந்த இரைச்சலை நீக்கினேன். ஒரு தடவை போதவில்லை என்று மூன்று தடவை நீக்கினேன். இப்போது தம்பி, "அக்கா, நீங்கள் வாவிக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கிறது" என்கிறான். சில இடங்களில் சொற்களும் பாதியில் காணாமல் போகின்றன. கடைக்காரர் ஒருவர் கண்டென்சர் மைக் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? ஏழு அத்தியாயங்கள் முடித்துவிட்டேன். எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தவன், தம்பி சொன்ன அந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் 'சத்தம் சரியில்லை', 'என்னவோபோல் இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். உங்கள் தம்பியோ நோயைப் பெயர் சொல்லிக் காட்டிவிட்டார். ஆகவே இரைச்சலைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். முதலில் வாவிக்குள் இருந்து அந்தக் குரலை வெளியே எடுப்போம்.

ஒடாசிட்டியில் 'நோய்ஸ் ரிடக்ஷன்' செய்யும்போது, நீங்கள் பேசாமல் இருந்த ஓரிரு வினாடிகளை அதற்குக் காட்டுகிறீர்கள். அந்த மௌனத்தில் எந்த மீடிறனில், அதாவது ஒலி வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கில், எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று அது குறித்துக்கொள்கிறது. பிறகு பதிவு முழுவதிலும் அந்த அளவை எட்டாத எதையும் அமுக்கிவிடுகிறது. அரிசியில் கல் பொறுக்குவதுபோன்ற வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கறியில் கூடிப்போன உப்பைத் திருப்பி எடுக்கப் பார்க்கிறோம். இரைச்சல் இருக்கும் அதே மீடிறன்களில்தான் உங்கள் குரலின் மெல்லிய பகுதிகளும் இருக்கின்றன. ஒரு தடவை மெதுவாகச் செய்தால் காது பொறுத்துக்கொள்ளும். மூன்று தடவை செய்தால் குரல் அரிபட்டுப் போகும். மிஞ்சிய துணுக்குகள் குமிழிகளைப்போல் எழுந்து எழுந்து மறையும். தம்பிக்குக் கேட்பது அந்தக் குமிழிகளே.

உங்களுக்குத் தெரியாமல் நான்காவது தடவையும் இது நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன். பல கணினிகளில், குரல் ஒடாசிட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்பே விண்டோஸோ ஒலி அட்டைக்கான மென்பொருளோ அதைச் 'சுத்தம்' செய்துவிடுகிறது. காணொளி அழைப்புகளில் பேசுவதற்காகச் செய்யப்பட்ட வசதி இது. பாடநூல் வாசிப்புக்கு இது வேண்டாம். விண்டோஸ் 11 ஆனால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், உங்கள் மைக்கின் பெயரைத் தெரிவுசெய்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 10 ஆனால் பழைய சவுண்ட் பெட்டியின் 'ரெக்கோர்டிங்' பகுதியில் மைக்கின் 'புரொப்பர்ட்டீஸ்' திறந்து பாருங்கள். 'நோய்ஸ் சப்ரெஷன்', 'எக்கோ கான்சலேஷன்' என்ற பெயர்களில் எது இருந்தாலும் அதன் அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

சொற்கள் காணாமல் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பகுதிக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இந்த மென்பொருள்கள் எந்த மொழியையும் அறியாதவை. ஒலி தணிந்தால் அது இரைச்சல் என்பதே அவற்றின் கணக்கு. தமிழில் வாக்கியம் முடியுமிடத்தில் நம் குரல் இயல்பாகவே தணிகிறது. ஆனால் நம் மொழியில் முக்கியமான செய்தி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. போரில் வென்றவன் அவனா அவளா, வென்றார்களா வெல்லவில்லையா என்பதெல்லாம் சொல்லின் கடைசி அசையில்தான் தெரியும். "கைப்பற்ற முடியவில்லை" என்பதில் கடைசி மூன்று எழுத்துகள் மங்கிப்போனால், பரீட்சை எழுதப்போகும் பிள்ளை எதை நினைவில் வைத்துக்கொள்வான்? இதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கொஞ்சம் இரைச்சலோடு வரும் முழுச்சொல், சுத்தமாக வரும் அரைச்சொல்லைவிட ஆயிரம் மடங்கு மேல்.

என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் எங்கள் குடும்பம் எப்படித் தப்பியது என்று என் தகப்பனார் ஒரு மாலையில் விரிவாகச் சொன்னார். பதிந்துகொண்டேன். பின்னால் மின்விசிறியின் சத்தமும் அடுப்படியில் பாத்திரங்களின் சத்தமும் இருந்தன. அப்போது நான் தொழிலுக்குப் புதியவன். கேட்கிறவர்களுக்கு இடையூறு இருக்கக்கூடாதென்று அந்தச் சத்தங்களை முழுவதுமாக வழித்து எடுத்தேன். எடுத்ததை அதே கோப்பின் மேல் சேமித்தேன். மூலப்பதிவு போய்விட்டது. அவர் காலமான பிறகு போட்டுக் கேட்டபோது, உங்கள் தம்பி சொன்ன அதே வாவிதான். அப்பாவின் குரலில் இருந்த கரகரப்பு இல்லை. அடுப்படியில் அம்மா நடமாடிய சத்தமும் இல்லை. அந்த இரண்டுக்காக இன்று எதையும் கொடுப்பேன். ஆகவே தங்கையே, மூலப்பதிவைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். திருத்தம் எதுவானாலும் நகலில் மட்டும் செய்யுங்கள்.

இனி அந்த 'ம்ம்ம்'. இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 50 தடவை அலைந்து ஓடுகிறது. அந்த 50உம் அதன் மடங்குகளான 100, 150உம் மைக்கின் மெல்லிய மின்னோட்டத்துக்குள் நுழைந்தால் கேட்பது இந்த இரைச்சல்தான். நுழையும் வழியை அடைத்தால் நீக்கவேண்டிய தேவையே வராது.

முதல் வழி, நீங்கள் மைக்கைச் செருகியிருக்கும் முன்பக்கத் துளை. அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி, பெட்டிக்குள் மின்வழங்கியையும் விசிறியையும் கடந்து தாய்ப்பலகைக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொள்ளும். பெட்டியின் பின்புறம் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு துளை இருக்கும். அது நேராகத் தாய்ப்பலகையிலேயே இருக்கிறது. மைக்கை அங்கே மாற்றிச் செருகுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தால் இரைச்சல் பாதியாகக் குறைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகு பதிவைத் தொடக்கி, மைக்கின் தலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். 'கரக் கரக்' என்று பெரிதாகக் கேட்டால் கணினி இந்த மைக்கிலிருந்துதான் பதிகிறது. கேட்கவில்லையென்றால் வெப்கேமராவில் இருக்கும் மைக்கையோ வேறெதையோ அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒடாசிட்டியில் மைக்கைத் தெரிவுசெய்யும் இடத்தில் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி, எர்த் எனப்படும் புவித்தொடுப்பு. கணினிப் பெட்டியின் உலோகத்தில் கை பட்டபோது எப்போதாவது சுரீர் என்று கூச்சம் தெரிந்ததா? கை பட்டதும் இரைச்சல் கூடியதா, குறைந்ததா? சோதிப்பதற்காக இப்போது தொடவேண்டாம். முன்பு நடந்ததுண்டா என்று நினைத்துப் பாருங்கள். நடந்திருந்தால் உங்கள் கணினிக்குப் புவித்தொடுப்பு கிடைக்கவில்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடைப்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது மல்ட்டி பிளக்குக்குள் அந்த மூன்றாவது கம்பி இணைக்கப்படாமல் இருக்கும், அல்லது வீட்டு வயரிங்கிலேயே குறை இருக்கும். இதை மின்வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் போவது இரண்டாம்பட்சம். கண் தெரியாத பிள்ளை கைகளால் தடவித்தான் அந்தக் கணினியை அணுகுவான். இந்தப் பதிவுகள் ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரைச்சலைக் குறைக்க எர்த் முள்ளைக் கழற்றிவிடும்படி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்கவே வேண்டாம்.

மைக் கம்பியை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். கடக்கவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், அருகருகே ஓடக்கூடாது. மின்விசிறியின் ரெகுலேட்டரும் சில வீடுகளில் இரையும். ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டால் குற்றவாளி தெரிந்துவிடும்.

மேசையின் அதிர்வும் இருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போகிறவர்கள் பாடும் மீனைக் கேட்பதற்கு என்ன செய்வார்கள்? துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு, மறு நுனியைக் காதில் வைப்பார்கள். காற்றில் வராத ஒலி மரத்தின் வழியாக வந்து சேரும். உங்கள் மேசையும் அப்படி ஒரு துடுப்புத்தான். கணினிப் பெட்டியும் மைக்கும் ஒரே மேசையில் இருந்தால், உள்ளே சுழலும் விசிறியின் அதிர்வு மரத்தின் வழியாக நேரே மைக்குக்குள் ஏறும். பெட்டியைக் கீழே இறக்கி வையுங்கள். காற்றுத் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கின் அடியில் நான்காக மடித்த துவாய் ஒன்றைப் போடுங்கள்.

எவ்வளவு தூரத்தில் இருந்து வாசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மேசை மைக் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் புத்தகத்தை நடுவில் வைத்து, இரண்டடிக்கு அப்பால் இருந்தே வாசிப்பார்கள். குரல் தணிந்து கேட்கிறதென்று பிறகு 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்பதை 20 அல்லது 30 டெசிபெல் உயர்த்துவார்கள். அப்போது குரலோடு சேர்ந்து மின்விசிறியும் கடலும் பக்கத்து வீட்டு நாயும் உயர்ந்துவிடும். இரண்டடித் தூரத்தை அரை அடியாகக் குறைத்தால் உங்கள் குரல் மட்டும் ஏறத்தாழ 12 டெசிபெல் கூடும், அறையின் சத்தம் இருந்தபடியே இருக்கும். எந்த மென்பொருளாலும் தரமுடியாத சுத்தம் இது. நான்கு புத்தகங்களை அடுக்கி, மைக்கை அவற்றின் மேல் வாய் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பூஸ்ட் 10க்கு மேல் தேவைப்படாது.

நெருங்கியதும் வேறொரு தொல்லை வரும். 'ப' என்று தொடங்கும் சொற்களில் வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி 'டும்' என்று வெடிக்கும். வரலாற்றுப் பாடத்தில் இது உங்களை விடாது. பொலநறுவையும் பராக்கிரமபாகுவும் பாண்டியரும் அடிக்கடி வருவார்கள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கமாகச் சற்று ஒதுக்கி, வாயை நோக்கித் திருப்பி வையுங்கள். காற்று நேரே போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். "பொலநறுவையில் பராக்கிரமபாகு" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தே இடத்தை முடிவுசெய்யுங்கள். ஒடாசிட்டியின் ஒலிமானி உங்கள் உரத்த சொல்லுக்கு -12 டெசிபெலுக்கும் -6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். 0வைத் தொட்டால் குரல் கிழிந்துவிடும், அதைத் தைக்க வழியில்லை.

அறையையும் மாற்றலாம். சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் உள்ள முன்னறையில் குரல் எதிரொலிக்கும். மெத்தையும் துணிகளும் இருக்கும் படுக்கையறைக்குப் போங்கள். அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, தொங்கும் சேலைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசியுங்கள். அம்மாவின் சேலைகளை விஞ்சிய ஒலியுறிஞ்சியை நான் கண்டதில்லை. களுதாவளையில் ஊர் அடங்கினால் கடல் உரக்கக் கேட்கும். கிழக்குப் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் அரை மணி நேரம் இருக்க முடியாது. பத்து நிமிடம் வாசித்துவிட்டு விசிறியைப் போட்டு ஆறுங்கள். மாரியில் ஓட்டின் மேல் மழை விழும் இரவில் மினக்கெட வேண்டாம், போய்த் தூங்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கடலின் அடிக்குமுறல் கேட்டால், தாழ்ந்த ஒலிகளை மட்டும் வெட்டிவிடும் 'ஹை-பாஸ் ஃபில்டர்' என்பதை 80 ஹேர்ட்ஸில் வைத்து ஒரு தடவை செய்யலாம். பெண்குரலின் அடித்தளம் பெரும்பாலும் 200 ஹேர்ட்ஸை ஒட்டியே இருப்பதால் உங்கள் குரலுக்கு அது கேடு செய்யாது. 'நோய்ஸ் ரிடக்ஷன்' வேண்டியேதான் தீரும் என்றால் 6 டெசிபெல், ஒரே ஒரு தடவை.

சொல் விழுங்கப்படுவது பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்லின் கடைசி மெல்ல மங்கினால் அது நான் மேலே சொன்ன 'சுத்தம்' செய்யும் மென்பொருளின் வேலை. சொல்லின் நடுவில் 'டிக்' என்று வெட்டுப்பட்டு அடுத்த எழுத்துக்குத் தாவினால், கணினி மூச்சுவாங்குகிறது என்று அர்த்தம். பதியும்போது உலாவியை மூடுங்கள், இணையத்தைத் துண்டியுங்கள், வன்தட்டில் இடம் விடுங்கள், நேரடியாகப் பென் டிரைவில் பதியாதீர்கள். ஒடாசிட்டியின் ஆடியோ அமைப்பில், ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் அளவான 'பஃபர் லெங்த்' 100 மில்லிவினாடியாக இருந்தால் 200 ஆக்குங்கள்.

கண்டென்சர் மைக் வேண்டாம். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கண்டென்சரின் சிறப்பே நுட்பமாகக் கேட்பதுதான். அது உங்கள் குரலைக் கேட்பதுபோலவே கடலையும் கேட்கும். அதோடு ஒலிப்பதிவு அறைகளில் உள்ள கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தனியாகக் கொடுக்கவேண்டும். கணினியின் மைக் துளை தருவது ஒருசில வோல்ட்தான். அப்படி வாங்கிச் செருகி, குரலே வரவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் பலர். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் 'ம்ம்ம்' போகவில்லை என்றால் மட்டும், சாதாரணமான யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்றை வாங்குங்கள். அது குரலைக் கணினிக்கு வெளியிலேயே எண்களாக மாற்றிவிடுவதால் பெட்டிக்குள் இருக்கும் இரைச்சல் அதற்குள் நுழையாது. மைக்கும் வாயை விட்டு விலகாது.

தம்பிக்குக் கொடுக்கும் விதத்தில் ஒரு சொல். மூலத்தை வேவ் கோப்பாக, மோனோ எனப்படும் ஒற்றைத் தடத்தில், 44,100 ஹேர்ட்ஸில் வையுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மெகாபைட். 32 ஜிகாபைட் பென் டிரைவில் நூறு மணி நேரம் அடங்கும். அவருடைய கைபேசிக்கு எம்பி3 நகல் போதும். மோனோவில் 64 கிலோபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரம் 30 மெகாபைட்டைத் தாண்டாது. பார்வையற்ற மாணவர்கள் பலர் பதிவை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பார்கள். அந்த வேகத்தில் குமிழியும் எதிரொலியும் இன்னும் மோசமாகும். நீங்களும் அதே வேகத்தில் போட்டுக் கேட்ட பிறகே கொடுங்கள். ஒவ்வொரு உபதலைப்பையும் தனிக் கோப்பாக்கி, தொடக்கத்தில் பக்க எண்ணைச் சொல்லுங்கள். படமோ வரைபடமோ வந்தால் தாண்டிப் போகாமல், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி உங்கள் சொந்தச் சொல்லில் சொல்லுங்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவர் உங்கள் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழு அத்தியாயங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரைச்சல் நீக்குவதற்கு முந்திய கோப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அவற்றை அப்படியே, 'ம்ம்ம்' உடன் தம்பிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும் என்பார். இல்லாவிட்டாலும் ஏழையும் உடனே மறுபடி வாசிக்கத் தொடங்காதீர்கள். புதிய ஏற்பாட்டில் எட்டாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மட்டும் பதிந்து அவர் காதில் போடுங்கள். கண் இல்லாதவர்க்குக் காது தானாகக் கூர்மையாகும் என்று ஊரில் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குரலோடு மணிக்கணக்காக இருந்து படிக்கப்போகிறவர் அவர் என்பதற்காகச் சொல்கிறேன். எட்டாவது சரி என்று அவர் சொன்ன பிறகு, முதல் ஏழில் எந்தெந்தப் பக்கங்கள் விளங்காமல் போயின என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி வாசியுங்கள்.